ரோமாபுரியில் பச்சைக் குடை

— ஹோல்டான், ஹோல்டான்! சம்பந்தி, வண்டியைச் சித்த நிறுத்துங்க. ராசா, ராணி, அரமணை எல்லாம் பொறவு பாத்துக்கலாம். அன்னிக்கு மத்தியானத்துக்கு மேல நீங்க கும்பலோட இருந்தீங்களா, இல்லீங்களா? எனக்கு அது ஒண்ணுதான் வேணும்.

— பொன்னுவேலு சம்பந்தி, நீங்க குப்பனூர் பஸ்ஸுல கண்டக்டரு. முன்னால ஏறுனமா, பின்னால எறங்குனமான்னு கேட்டே பழக்கப்பட்டுப் போச்சு. ரோமாபுரியைச் சுத்திப் பாக்கறதுன்னா அப்படி இல்லீங்க. ஐரோப்பாவுல எல்லாத்துக்கும் ஒரு மொறை இருக்குது, நோட் பண்ணிக்குங்க. மொதல்ல சரித்திரம். அதுக்கப்பறந்தான் மத்ததெல்லாம்.

— ஏனுங்க, அவரு கேட்டது ராசாவோட சரித்திரத்தை இல்லீங்க. உங்க சரித்திரத்தை.

— காளியாயி, நீ போயி காப்பி போடு. ஆம்பளைங்க பேசிட்டிருக்கறோமில்ல?

— காப்பி அப்பவே போட்டாச்சு. உங்க கையிலதான் ஆறிட்டிருக்குது. நான் எங்கயும் போறாப்புல இல்லீங்க. உள்ளாற உங்க மக தனலட்சுமி கல்யாணம் நின்னுபோகுமோன்னு நேத்திருந்து பச்சைத்தண்ணி பல்லுல படாம குப்புறப் படுத்துக் கெடக்கறா. அவளுக்கு நான் என்னன்னு போயிச் சொல்றது? உங்கொப்பன் இன்னும் ராசா காலத்துலயே நிக்கறாரு கண்ணு, நம்ம காலத்துக்கு வந்து சேரலைன்னு சொல்லட்டுமா?

— அம்மிணி, நீங்களும் இருங்க. உங்களுக்கும் தெரிய வேண்டிய சமாச்சாரந்தான். நான் சண்டை கட்ட வரலீங்க. என்ர தங்கச்சி மவன் சென்றாயனுக்கும் உங்க பொண்ணுக்கும் வர்ற வெள்ளிக்கெழமை வெத்தலை மாத்தறதுன்னு பேசியாச்சு. பையனும் பொண்ணும் ஒருத்தருக்கொருத்தரு புடிச்சுப்போயி நிக்குதுங்க. இந்த நேரம் பாத்து ஏற்காட்டு பஜாருல ஒரு பேச்சு. தங்கச்சி அதைக் கேட்டுப்போட்டு, 'அண்ணா, நீ கரடியூருக்கு நேராப் போயி நெசமா பொய்யான்னு விசாரிச்சுப்போட்டு வா, பொறவு வெத்தலை வாங்கலாம்'னா. தாய்மாமன் நான், வாயில வெத்தலையைப் போட்டுக்கிட்டுச் சும்மா இருக்க முடியுங்களா?

— என்ன பேச்சு? எவன் பேசுனான்?

— உங்க சேக்காளி செங்கோடன்தானுங்க.

— எனக்கு அவன் சேக்காளியா! எதிர்க் கடைக்காரனுங்க அவன்!

— இருக்கட்டுமுங்க. உரக் கம்பெனிக்காரன் உங்க ரெண்டு பேரையுந்தான ரோமாபுரிக்குக் கூட்டிட்டுப் போனான்? ஊரைச் சுத்திக் காட்டுன அன்னிக்கு அங்கப்பன், அதான் நீங்க, நட்ட நடுவால காணாமப் போயிட்டாருங்கறான். கைடு தேடி, போலீசு தேடி, ஒண்ணும் ஆகலையாம். இருட்டுன பொறவு ஓட்டலு வாசல்ல ஒரு டாக்சி வந்து நின்னுதாம். நீங்க எறங்குனீங்களாம். கூடவே ஒரு வெள்ளைக்காரி எறங்குச்சாம். உங்க ரெண்டு கன்னத்துலயும் அது முத்தம் குடுத்துப்போட்டுப் போச்சாம். அம்மிணி மன்னிச்சுக்கோணும், செங்கோடன் சொன்னதைத்தான் சொல்றேனுங்க.

— பொறாமைங்க சம்பந்தி! பொறாமை! இந்த மலையில அவனை விட நான் யூரியா அதிகமா வித்துப்போட்டேன்னு வயித்தெரிச்சலு!

— முத்தத்துக்கும் யூரியாவுக்கும் என்னங்க சம்பந்தம்?

— காளியாயி, நீ குறுக்க வராத.

— நான் குறுக்க வரலீங்க, பூட்ஸைப் பத்திச் சொல்லிப்போடறேன். அண்ணா, கேட்டுக்குங்க கூத்தை. இவரு போறப்ப சேலத்துல புதுசா வாங்குன கறுப்பு பூட்ஸு போட்டுட்டுப் போனாருங்க. வாரப்ப காலுல தவிட்டு நெறத்துல தோலு பூட்ஸு. என்னங்க இதுன்னேன். ஐரோப்பாவுல குளிருக்குக் கலரு மாறும்னாரு.

— அது வெளையாட்டுக்குச் சொன்னது.

— நான் நம்பித் தொலைச்சுட்டனே! பக்கத்தூட்டு குப்பாயிகிட்ட வேற பெருமையாச் சொல்லிப்போட்டேன்.

— ரைட்டு. பூட்ஸும் ஒரு ஸ்டாப்பு. சம்பந்தி, நீங்களே ஆதியில இருந்து ஓட்டுங்க. ஆனா எந்த ஸ்டாப்பையும் தாண்டிப் போகாதீங்க. எனக்கு அயோத்தியாபட்டணத்துல இருந்து அடிவாரம் வரைக்கும் எங்க எவன் எறங்குவான்னு அத்துபடி.

— சொல்றேனுங்க. எனக்கென்ன பயம்? காலையில பஸ்ஸு வந்துது. பஸ்ஸா அது! உள்ளாறயே கக்கூசு. எங்களுக்கு ஒரு கைடு. செவப்புக் கோட்டுப் போட்ட பொண்ணு, நல்லாப் படிச்ச புள்ளை. கையில ஒரு பச்சைக் குடை. அதை மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு முன்னால போவுது, நாங்க பின்னால. 'எதை மறந்தாலும் மறங்க, பச்சைக் குடையை மறக்காதீங்க, குடை போற பக்கம் வாங்க'ன்னு இங்கிலீசுல சொல்லுச்சு. எங்க கம்பெனி மேனேஜரு தமிழ்ல சொன்னாரு.

— அந்தப் புள்ளைக்கு வயசு என்ன இருக்குமுங்க?

— கைடுக்கா? இருபத்தஞ்சு இருக்கும். எதுக்குங்க?

— சும்மா கேட்டேனுங்க. போலாம், ரைட்.

— மொதல்ல ஒரு வட்டக் கட்டடம். அந்தக் காலத்துல சிங்கத்தையும் மனுசனையும் உள்ளாற விட்டுச் சண்டை பாத்தாங்களாம். பாதி இடிஞ்சு கெடக்குது. நம்மூர்ல அப்படி ஒரு செவுரு இருந்தா பஞ்சாயத்துல நோட்டீசு ஒட்டிப்போடுவான். அங்க அதுக்கு டிக்கெட்டு! ஒலகமே வரிசையில நிக்குது. நம்ம கரடியூரு பாறையில ஏறி நின்னா கீழ இருக்கற ஊரெல்லாம் வெளக்கு வெளக்காத் தெரியும். எவனாவது ஒருத்தன் ஒரு குடை புடிச்சுக் காட்டறானா?

— அண்ணா, மறுபடியும் ராசா ஊட்டுக்குள்ள போறாரு பாருங்க.

— வந்துட்டன் காளியாயி, வந்துட்டன். அடுத்தது கோயலு. எத்தனை பெரிசுன்னு கேக்காதீங்க. வாசல்ல தூணு ஒவ்வொண்ணும் நம்ம பலாமரத்தை நாலு சேத்துக் கட்டுனாப்புல. உச்சியில ஒரு ஓட்டை. மழை பேஞ்சா நேரா உள்ளாற ஊத்துது.

— நம்ம எலிமெண்டரி ஸ்கூலாட்டவா?

— இது கலை, காளியாயி! ஸ்கூலுல இருக்கறது ஓட்டை. கைடு சொல்லுச்சு, ரெண்டாயிர வருசமா இது கோயலுங்கன்னு. எல்லாச் சாமியும் இங்க இருந்துதாம். சொல்லிப்போட்டு அது பாட்டுக்கு பூட்ஸுக் காலோட உள்ள போகுது. மேனேஜரு போறாரு. செங்கோடன் போறான், எருமை கணக்கா. நான் போவனா?

— போகக்கூடாதுங்க. எந்தச் சாமியா இருந்தா என்ன.

— அதைச் சொல்லுங்க சம்பந்தி! பூட்ஸைக் கழட்டுனேன். சாக்ஸை உள்ளாற திணிச்சேன். தூணு ஓரமா ஒதுக்கி வெச்சேன். வெறுங்காலோட போயி நெடுஞ்சாண்கிடையா விழுந்து கும்புட்டேன். சுத்தியும் நின்னு போட்டோ எடுக்கறானுங்க.

— என்னன்னு நெனைச்சானுங்களோ.

— பக்தின்னு நெனைச்சிருப்பான். கும்புட்டுப்போட்டு வெளிய வந்தா பூட்ஸைக் காணோம். எந்தத் தூணுன்னு தெரியல. எல்லாத் தூணும் ஒரே மாதிரி. வருசா வருசம் சேர்வராயன் கோயலு திருவிழாவுல அத்தனை கும்பல்ல செருப்பு விடறேன், ஒரு நாளு காணாமப் போனதில்ல. தூணுதூணாச் சுத்தறேன், இந்தப் பக்கம் சடசடன்னு மழை புடிச்சுக்குச்சு. கும்பலைக் காணோம். திரும்பிப் பாத்தா, தூரத்துல, ஒரு சந்துக்குள்ள பச்சைக் குடை போகுது.

— அப்பாடா. போயிப் புடிச்சுட்டீங்களா?

— ஓட்டமா ஓடிப் புடிச்சுட்டேன். அதுக்கப்பறம் அன்னிக்கு முழுக்க பச்சைக் குடையை விட்டு நான் பிரியலீங்க. செங்கோடன் சொன்னது பூராப் பொய். இதுதான் நடந்தது. காளியாயி, சம்பந்திக்குச் சாப்பாடு எடுத்து வை.

— ஹோல்டான்! சாப்பாடு இருக்கட்டுமுங்க. குடைக்குப் பின்னால போனீங்க, ரைட்டு. அடுத்த ஸ்டாப்பு எங்க?

— அடுத்ததா... சந்தை. நொம்ப புராதனமான சந்தைங்க. கைடம்மா ஒவ்வொரு கடையா நின்னு காட்டுனாங்க. கத்திரிக்கா எடுத்து, திருப்பித் திருப்பிப் பாத்து, அமுக்கிப் பாத்து, நாலு நல்லதாப் பொறுக்கி வாங்குனாங்க.

— கைடு எதுக்குங்க கத்திரிக்கா வாங்கறா?

— காளியாயி, உனக்கு இதெல்லாம் புரியாது. அந்தக் காலத்து ராணிங்க எப்படிக் கத்திரிக்கா வாங்குவாங்கன்னு காட்டறாங்க. ஐரோப்பாவுல எதையும் செஞ்சு காட்டுவாங்க. அப்பறம் பையை என்ர கையில குடுத்தாங்க.

— பையைச் சொமக்கறதும் ராணி காலத்து வழக்கமுங்களா?

— சம்பந்தி, நீங்களுமா? மருவாதிங்க அது! அத்தனை பேருல என்ர கையிலதான குடுத்தாங்க?

— அத்தனை பேரு எங்க இருந்தாங்க?

— மழைங்க. ஆளாளுக்கு முன்னப் பின்ன வந்துருப்பாங்க.

— சரி, போலாம். அப்பறம்?

— அப்பறம் கல்லறைங்க. பெரிய பெரிய வீரனுங்களையெல்லாம் பொதைச்ச எடம். கைடம்மா ஒரு கல்லுக்கு முன்னால நின்னு, பூ வெச்சு, கண்ணுல தண்ணி விட்டு அழுதாங்க. அவங்களுக்குச் சரித்திரத்து மேல அத்தனை பாசம். நானும் கையெடுத்துக் கும்புட்டேன். எனக்கே அழுகை வந்துருச்சு.

— ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுமா? காலையில கைடுக்குச் செவப்புக் கோட்டுன்னீங்க. கல்லறையில அழுதப்ப என்ன கோட்டு?

— கறுப்பு.

— மழையில சாயம் போயி கறுப்பாயிருச்சுங்களா, உங்க பூட்ஸாட்ட?

— அது... ட்யூட்டி மாறியிருப்பாங்க.

— ட்யூட்டி மாறுன பொண்ணுக்கு என்ன வயசு? நெஞ்சுல கை வெச்சுச் சொல்லுங்க.

— எதுக்கு இப்ப வயசு?

— சொல்லுங்கன்னா.

— ஒரு... எழுவத்தஞ்சு, எண்பது இருக்கும்.

— அய்யோ, அய்யய்யோ! அண்ணா, எனக்குச் சிரிப்பை அடக்க முடியலீங்க. இந்த மனுசன் வேற எவளோ கெழவி பின்னால போயிட்டாருங்க! மழை வந்துது, ஊரே குடையை விரிச்சுச்சு, எதுல பச்சை தெரிஞ்சுதோ அதும் பின்னாலயே போயிட்டாரு! அந்தம்மா பாவம், காய் வாங்கப் போயிருக்குது, புருசன் சமாதிக்குப் பூ வெக்கப் போயிருக்குது, இவரு கைடுன்னு நெனைச்சுக்கிட்டு வால் புடிச்சுட்டுப் போயிருக்கறாரு!

— ஏய், மெதுவாப் பேசு! உள்ள புள்ளை கேக்குது!

— கேக்கட்டும்! கேட்டாத்தான் எந்திரிச்சுச் சோறு திம்பா. தனலட்சுமி! கேட்டயா கண்ணு? உங்கொப்பன் எவகூடவும் போகல! வழி தவறுனாருதான், நெறி தவறல!

— அம்மிணி, செத்த பொறுங்க. நான் கேட்டுக்கறேன். சம்பந்தி, அந்தம்மா ஊட்டுக்குப் போனீங்களா?

— போனேனுங்க.

— சொந்த ஊடுங்களா, வாடகை ஊடுங்களா?

— அது எப்படிங்க எனக்குத் தெரியும்? மூணு மாடி ஏறுனோம். நல்ல பெரிய ஊடுதான். பழைய கட்டிலு, பித்தளைப் பாத்தரம், செவுத்துல மீசைக்காரரு ஒருத்தரு படம். நான் அப்பவும் நெனைச்சேன், அந்தக் காலத்து ஊட்டை அப்படியே வெச்சிருக்கறாங்க, பாக்கறதுக்குன்னு. கட்டில் மேலெல்லாம் குனிஞ்சு பாத்தேன்.

— புள்ளை குட்டிங்க?

— ஒரு மக இருக்குது. பக்கத்துத் தெருவுல ஓட்டலு வெச்சிருக்குதாட்ட இருக்குது. சாயங்காலம் அதுதான் வந்துது.

— ஓட்டலா! சொந்த ஓட்டலுங்களா?

— அண்ணா, நீங்க என்னங்க பொண்ணு பாக்கற மாதிரியே கேக்கறீங்க? எண்பது வயசுக் கெழவிக்குச் சொந்த ஊடு இருந்தா என்ன, சொந்த ஓட்டலு இருந்தா என்ன?

— கணக்கு டேலி ஆகோணுமில்லீங்களா அம்மிணி? தங்கச்சி கேப்பா. சொல்லுங்க சம்பந்தி. கெழவின்னு எப்பத் தெரிஞ்சுது?

— கெழவின்னு கல்லறையிலயே தெரியுமுங்க. கைடு இல்லேன்னு ஊட்டுக்குள்ள போனப்பறந்தான் தெரிஞ்சுது. குடையை மடக்கி ஆணியில மாட்டிப்போட்டுத் திரும்பி நின்னு என்னையப் பாத்துது. அப்பறம் என்ர காலைப் பாத்துது. சேறு, ரத்தம், எல்லாம் ஒழுகுது. அந்தக் கல்லுத் தெருவுல வெறுங்காலோட நடந்தா என்னாகும்? அது வாயில கையை வெச்சுக்கிட்டு என்னமோ சொல்லுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. நான் 'அம்மா, பச்சைக் குடை, பச்சைக் குடை'ங்கறேன். அதுக்கு ஒண்ணும் புரியல. போயி ஒரு தொட்டியில சுடுதண்ணி கொண்டாந்து என்ர காலை அதுல எடுத்து வெச்சுது. அது கையாலயே கழுவி உட்டுதுங்க சம்பந்தி.

— அட!

— அப்பறம் தட்டு நெறையச் சோறு. சோறுன்னா சோறில்ல, சேமியா கணக்கா, ஆனா சைக்கிள் டியூப்பு தடிமன். அந்தக் கத்திரிக்காயை வதக்கி மேல போட்டு, எதுக்க உக்காந்துக்கிட்டு நான் தின்னறதையே பாத்துட்டிருந்துது. காப்பி குடுத்துது, தொண்டை நனையல. நம்ம மலைக்காரன் வெளையவெச்ச காப்பியைக் கருக வறுத்து, பாலும் ஊத்தாம, மருந்தாட்ட இத்துனூண்டு. ஆனா குடிச்சேன். என்ர ஆத்தா செத்தப்பறம் ஒருத்தரு என்னையப் பாத்துப் பாத்துச் சோறு போட்டது அன்னிக்குத்தான்.

— அப்ப இத்தனை வருசமா நான் போட்டது?

— நீ போடுவ. பாக்க மாட்ட.

— இது வேறயா! சரி, பூட்ஸு?

— அந்தப் படத்துல இருந்த மீசைக்காரரோடது. அலமாரியில இருந்து எடுத்துத் தொடச்சுக் குடுத்துது. அளவெடுத்தாப்புல இருந்துச்சு. என்ர சட்டையில மேனேஜரு குத்திவிட்ட அட்டையைப் பாத்து, மக வந்து நாங்க தங்குன ஓட்டலுக்குப் போனு பண்ணுச்சு. நம்மூரு ட்ரங்க் காலாட்ட இல்லீங்க, சுத்துனதும் கெடச்சுது. அந்தம்மாவே டாக்சியில கூட்டியாந்து உட்டுது. அங்க எல்லாரும் எல்லாருக்கும் கன்னத்துல முத்தம் குடுத்துக்கறாங்க. மீன்காரன் கூடக் குடுக்கறான். அவ்வளவுதானுங்க.

— பிச்சைக்காரன்னு நெனைச்சிருக்குதுங்க அண்ணா! மழையில நனைஞ்சுக்கிட்டு, காலுல செருப்பில்லாம, கும்புட்டுக்கிட்டே பின்னால வர்ற ஆளை வேற என்னன்னு நெனைக்கும்?

— விருந்தாளிடி! விருந்தாளின்னு நெனைச்சுது!

— பையைச் சொமந்துட்டு வர்ற விருந்தாளி.

— சம்பந்தி, கேட்டீங்களா இவ பேசறதை? இதுக்குத்தான் நான் வாயையே தொறக்கல. இங்க பாருங்க, நான் ஒண்ணு சொல்றேன். செங்கோடன் சொன்னதே நெசம்னு வெச்சுக்குங்க. ஆமா, வெள்ளைக்காரிகூடத்தான் போனேன். ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான்னு ஊருல நாலு நாளு பேசுவான், அப்பறம் விட்டுருவான். கெழவி பின்னால கத்திரிக்காப் பை தூக்கிட்டுப் போன கேனையன்னு தெரிஞ்சுதுன்னு வெச்சுக்குங்க, என்ர கடையில உர மூட்டை வாங்க வர்றவனெல்லாம் குடையோட வருவான்.

— மவ வாழ்க்கையை விட உங்களுக்கு உங்க மீசை பெரிசாப் போச்சுங்களா? கூசாமச் சொல்றீங்களே!

— வாழ்க்கை எங்க போச்சு? சம்பந்தி பெரிய மனுசன், புரிஞ்சுக்குவாரு.

— அண்ணா, இவரு சொல்றதைக் காதுல வாங்காதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க. உங்களுக்கு இன்னும் சந்தேகமா இருந்தா இதையுங் கேளுங்க. எங்களுக்குக் கல்யாணமான புதுசு. சேலத்துக்கு என்னைய சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனாருங்க. அன்னிக்கு நான் பச்சைச் சேலை.

— அதை எதுக்கு இப்ப எடுக்கற?

— படம் முடிஞ்சு கூட்டம் வெளிய வருது. கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனா கௌரவக் குறைச்சலு பாருங்க, அதனால என்ர சேலையை அடையாளம் வெச்சுக்கிட்டு பின்னாலயே வர்றாராம். நான் கொட்டாயி வாசல்லயே நிக்கறேன். இவரு வேற எவளோ பச்சைச் சேலைக்காரி பின்னாலயே ரெண்டு தெருவு போயி, அவ ஊட்டுக்குள்ள போயிக் கதவைச் சாத்துனதும், வெளிய நின்னுக்கிட்டு, 'காளியாயி, கோவிச்சுக்காத, கதவைத் தொற, நான் தப்பாப் பேசிப்போட்டேன்'னு தட்டறாருங்க!

— அந்தச் சேலையும் அச்சு அசல் அதே மாதிரி இருந்துச்சு சம்பந்தி.

— அவ அண்ணன் தம்பிங்க நாலு பேரு வந்து தூக்கிட்டுப் போயி போலீசு ஸ்டேசன்ல உக்கார வெச்சுட்டாங்க. நான் போயி, 'அய்யா, இவரு திருடன் இல்லீங்க, பொம்பளைப் பொறுக்கி இல்லீங்க, வெறும் கூமுட்டைங்க'ன்னு எழுதிக் குடுத்துக் கூட்டியாந்தேன். அன்னிக்கு இன்ஸ்பெக்டருகிட்டச் சொன்னதைத்தான் இன்னிக்கு உங்ககிட்டச் சொல்றேன். இந்த மனுசனுக்குத் தப்புப் பண்ற அளவுக்குச் சாமர்த்தியம் பத்தாதுங்க. ரோமாபுரி என்ன, எந்தப் புரிக்குப் போனாலும் பத்தாது.

— போதும் காளியாயி. என்ர மானத்தை இதுக்கு மேல கழுவ முடியாது.

— உங்க மானத்தைக் கழுவலீங்க, மவளுக்குக் கல்யாணம் பண்றேன். அண்ணா, இப்பச் சொல்லுங்க. நம்பறீங்களா, இல்லீங்களா?

— நம்பறேனுங்க அம்மிணி. சத்தியமா நம்பறேன். இத்தனை வருசம் பஸ்ஸுல எத்தனை பேரைப் பாத்திருக்கறேன், டிக்கெட் வாங்காம ஒளிஞ்சுக்கறவன் மொகம் வேற, ஊரு மாறி எறங்கிப்போட்டு முழிக்கறவன் மொகம் வேற. சம்பந்தி மொகம் ரெண்டாவது ரகம்.

— என்ர சாமி! தனலட்சுமி, எந்திரி கண்ணு, மொகத்தைக் கழுவிட்டு வா. மாமனுக்கு எலை போடு. அண்ணா, உக்காருங்க, எதுக்குப் பையை எடுக்கறீங்க?

— கெளம்பறேனுங்க. கடைசி பஸ்ஸு போயிருச்சுன்னா பனியில மாட்டிக்குவேன். அப்பறம்... வெள்ளிக்கெழமை வெத்தலை மாத்தறதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாமுங்க.

— ஏனுங்க? நம்பறேன்னீங்களே!

— நம்பறதுதானுங்க சிக்கலே.

— சம்பந்தி, கொழப்பாமச் சொல்லுங்க. எங்கமேல தப்பில்லேன்னு தெரிஞ்சப்பறம் எதுக்குங்க தள்ளிப் போடறது?

— எப்படிங்க சொல்றது... செங்கோடன் சொன்னதைக் கேட்டு என்ர தங்கச்சி கோவப்படலீங்க. சந்தோசப்பட்டா. சென்றாயன் சேலத்துல சமையல் படிப்புப் படிச்சுப்போட்டு ஏற்காட்டு லாட்ஜுல தோசை ஊத்திட்டிருக்கறான். மாமனாருக்கு ரோமாபுரியில அப்படி ஒரு நெருக்கமான எடம் இருக்குதுன்னா, பையனுக்கு அங்க ஒரு வழி பொறக்குமேன்னு நெனைச்சா. நெசமா பொய்யான்னு பாத்துட்டு வரச் சொன்னது அதுக்குத்தானுங்க. அயோத்தியாபட்டணத்துல இன்னொரு எடமும் வந்திருக்குது, பொண்ணோட சித்தப்பன் துபாயில இருக்கறானாம்.

— அப்ப தம்பி சென்றாயன்? கட்டுனா தனலட்சுமியைத்தான்னு நின்னானே?

— அவன் அவங்கம்மா போட்ட கோட்டைத் தாண்ட மாட்டானுங்க. சம்பந்தி வழி தப்பிப் போன அப்பாவின்னு தெரிஞ்சுபோச்சு. எண்பது வயசுக் கெழவி யாரு பேரை ஞாபகம் வெச்சிருக்கும்? வரட்டுங்களா?

— போகட்டும் விடு காளியாயி. இப்பேர்ப்பட்ட எடம் நமக்கு...

— நீங்க வாயை மூடுங்க! புள்ளை உள்ளாற மறுபடியும் அழுவறது கேக்கலையா உங்களுக்கு? அண்ணா, பையைக் கீழ வைங்க. பஸ்ஸு போனாப் போவுது, இங்கயே தங்கிக்கலாம். நான் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் என்ர மானத்துக்குப் பயந்து சொன்னதுங்க. எந்தப் பொண்டாட்டிதாங்க வெளிய சொல்லுவா? இவரைப் பாத்தா அப்பாவியாட்ட இருக்கும், அத்தனையும் நடிப்பு. அந்த வெள்ளைக்காரிக்கு முப்பத்தஞ்சு வயசுக்கு மேல ஒரு நாளு இருக்காதுங்க.